படியளந்தவர்கள்: திருவட்டாறு வட்டாரத்தில் மருத்துவக் கல்வியும் ஆய்வும்

படிக்க வருபவருக்குச் சோறும் இடமும் கொடுத்து, அதற்கு நிலமும் எழுதி வைத்ததைச் சொல்லும் தென் திருவிதாங்கூர் ஆவணங்களில் பார்த்திவசேகரபுரம் செப்பேடு மிகப் பழையது, மிக விரிவானது. கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறை சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்றான். அங்கே விஷ்ணு கோயில் கட்டி, அதனோடு ஒரு சாலையும் வைத்தான். சாலை என்பது இங்கே பாதை அல்ல. உண்டு உறைந்து படிக்கும் இடம். சட்டர் என்று அழைக்கப்பட்ட மாணவர்கள் 95 பேருக்கு அதில் இடம். வேதப் பிரிவுகளின்படி, பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14 என்று பங்கும் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. முன்பே இருந்த காந்தளூர்ச் சாலை என்ற கல்விச்சாலையின் நடைமுறையே இதற்கும் நடைமுறை. வியாகரணமும் மீமாம்சையும் பௌரோகித்தியமும் அறிந்தவரே சேரலாம். சக மாணவரை வைதால் தண்டம் உண்டு. ஆயுதத்தோடு அவைக்கு வரக்கூடாது. விடுதி வாழ்க்கை அன்றும் சாதுவாக இருக்கவில்லை போலும். அந்த ஊர் இன்றைய பார்த்திவபுரம். கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாற்றிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

இந்தச் சாலையில் மருத்துவம் கற்பித்ததாகச் செப்பேடு சொல்லவில்லை. ஆனால் கற்பவரின் வயிற்றுப்பாட்டை ஒரு தனிச் செலவினமாகக் கருதி, அதற்கு நிலையான வருமானம் ஒதுக்கும் வழக்கம் இங்கே வேரூன்றியிருந்ததை அது காட்டுகிறது. படியளப்பவர் யாருக்கு அளப்பது, எத்தனை பேருக்கு அளப்பது, எதைப் படிக்க அளப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்தார். இந்த வட்டாரத்தின் மருத்துவக் கல்வியையும் ஆய்வையும் பின்தொடர்ந்தால், பிந்தைய ஆயிரம் ஆண்டுகளிலும் இதே முடிச்சு திரும்பத் திரும்பக் கையில் தட்டுப்படும்.

மருத்துவத்துக்கே அளந்த கணக்கு வேண்டுமானால் தொண்டை நாட்டுக்குப் போக வேண்டும். வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1068-ஐ ஒட்டி, திருமுக்கூடல் கோயிலில் வெட்டிய கல்வெட்டு வீரசோழன் என்ற ஆதுலசாலையைப் பற்றிச் சொல்கிறது. படுக்கை 15. மருத்துவர் சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். மூலிகை பறித்து வருபவர்களுக்கும் நோயாளியைப் பார்க்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பங்கு. சாலையில் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. எல்லாம் சிகிச்சைக்கான செலவு. புதிதாக ஒன்றைக் கண்டறிய என்று ஒரு நாழி நெல்கூட அதில் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு செலவினத்தை எவரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

திருவட்டாறு பக்கத்தில் மருத்துவ அறிவைக் கட்டிக் காத்தவர்கள் ஆசான்கள். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் ஆசான் என்றால் அடிமுறைச் சண்டை கற்பிப்பவர், எலும்பு கட்டுபவர், வர்மம் அறிந்தவர் எல்லாம் ஒருவரே. வர்மம் என்பது அடிபட்டால் ஆபத்தான உயிர்நிலை. உடலில் 108 வர்மங்கள். அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. அடிபட்டு மயங்கியவரை எழுப்பும் இளக்குமுறையும் அடங்கல்களும் காயத்திருமேனி எண்ணெயும் இந்த மரபின் கைப்பொருள். எழுத்துச் சரக்கு பெரும்பாலும் ஓலைச்சுவடி. அதைப் படித்தால் மட்டும் தொழில் வராது. ஆசானின் கை வழியாக வர வேண்டும்.

இந்தக் கல்விக்குப் பணம் கட்டும் வழக்கம் இல்லை. காலம் கட்ட வேண்டும். பன்னிரண்டு ஆண்டு குருவுக்குத் தொண்டு செய்தவனுக்கே வர்மம் சொல்ல வேண்டும் என்பது மரபு. மாணவன் ஆசான் வீட்டில் இருந்து மருந்து இடிப்பான், எண்ணெய் காய்ச்சுவான், பச்சிலை பறிக்க மலைக்குப் போவான். அவன் உழைப்புதான் கட்டணம். ஆசான் வீட்டுச் சோறுதான் உதவித்தொகை. ஆசானின் வருமானமோ நோயாளி வைக்கும் காணிக்கை. ஆகவே தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பது அவருக்குப் பிழைப்பின் பாதுகாப்பு. ஆபத்தான அறிவு தகாதவன் கைக்குப் போகக் கூடாது என்ற காரணமும் இதனோடு சேர்ந்தே சொல்லப்பட்டது. அதிலும் உண்மை உண்டு. இருந்தாலும் கண்டறிந்ததை ஊரறிய எழுதி வைக்கும் பழக்கம், எழுதுபவனுக்கு வேறொருவர் சம்பளம் கொடுக்கும் இடத்தில்தான் வளரும். கடைசி நுட்பம் ஒன்றைச் சொல்லாமலே ஆசான் கண்மூடிவிட்டார் என்ற பேச்சு இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் சாதாரணம்.

மூப்பைப் பற்றிய சிந்தனையும் இந்த மரபுக்குள்தான் இருந்தது. நரை, திரை, மூப்பு, சாக்காடு என்று அடுக்கிச் சொல்லி, அவற்றைத் தள்ளிப்போடக் காயகற்பம் சொன்னது சித்த மருத்துவம். கடுக்காய், நெல்லி, இஞ்சி முதல் உப்பும் உலோகமும் வரை கற்ப மருந்துகள் விரியும். அவை வாழ்நாளை நீட்டின என்பதற்குக் கணக்கு வைத்து நிறுவிய சான்று கிடையாது. ஆனால் முதுமை விதி அல்ல, கையாளத்தக்க ஓர் உடல்நிலை என்று பார்த்த பார்வை அதில் இருக்கிறது. 1938-ல் தேசியத் தலைவர் மதன் மோகன் மாளவியா தம் முதிர்ந்த வயதில் ஒரு சாமியாரிடம் காயகல்ப சிகிச்சை எடுத்தது நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. உடலுக்கு வெளியேயும் இந்த மருந்துக் கைவேலை இருந்தது: திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் 22 அடித் திருமேனியே கடுசர்க்கரை யோகத்தால் ஆனது. மண்ணும் பிசினும் மூலிகைச் சாறும் பக்குவமாய்ச் சேர்த்துச் செய்யும் அந்தக் கூட்டு, சிற்பியின் வேலை பாதி, மருந்து செய்பவரின் வேலை பாதி. நூற்றாண்டுகள் தாங்கும் கூட்டைக் கற்பத்தில் தேடியவர்கள் கோயிலுக்குள்ளும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

திருவிதாங்கூர் அரசு மருத்துவத்துக்குத் தொடர்ந்து பணம் செலவிடத் தொடங்கியது 19-ம் நூற்றாண்டில். ராணி கௌரி லட்சுமிபாய் காலத்தில், 1813-ல், அம்மை குத்தும் வேலை அரசு ஏற்பாடாயிற்று. 1889-ல் மூலம் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை திறந்தார்கள். சம்பளம், படிப்பு, பதவி என்று மருத்துவம் ஒரு உத்தியோகப் பாதையாக மாறியது இப்படித்தான். பாதை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மருத்துவர் பல்ப்புவின் கதை அதற்குத் தெளிவான சாட்சி. திருவனந்தபுரம் பேட்டையில் 1863-ல் ஈழவர் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியும் சொந்த சமஸ்தானத்தில் வேலை பெற முடியவில்லை. மைசூர் அரசு அவரை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் அம்மைப்பால் தயாரிப்பிலும் பிளேக் பணியிலும் ஈடுபட்டார்; மேற்படிப்புக்காக மைசூர் அரசே அவரை இங்கிலாந்துக்கும் அனுப்பியது. 1896-ல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் மனுவைத் திருவிதாங்கூர் மன்னருக்குக் கொண்டுசென்றதும் அவர்தான். ஒரு சமஸ்தானம் தள்ளிய ஆளை இன்னொரு சமஸ்தானம் செலவு செய்து வளர்த்தது. திருவிதாங்கூரின் கஞ்சத்தனம் பணத்தில் அல்ல, சாதியில்.

பெண்களுக்கும் இதே தடை இன்னொரு உருவில் இருந்தது. மேரி புன்னன் லூக்கோஸ் அறிவியல் படிக்க இடம் கிடைக்காமல் கலைப் பட்டம் வாங்கி, பின்பு லண்டனில் மருத்துவம் படித்து 1916-ல் திரும்பினார். 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் காசநோய் சானடோரியம் அமையக் காரணமானவர் அவரே.

இந்த வட்டாரத்தில் நோயை எண்ணி, வகைப்படுத்தி, உலகுக்கு எழுதிச் சொன்ன வேலை அரண்மனையின் ஆதரவில் நடக்கவில்லை, நெய்யூரில் நடந்தது. திருவட்டாற்றிலிருந்து தக்கலை வழியாக இருபது கிலோமீட்டருக்கு உட்பட்ட இந்த ஊரில், 1828 முதல் லண்டன் மிஷன் சங்கத்தின் நிலையம் இருந்தது. 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் வந்து சிகிச்சை தொடங்கினார். சில ஆண்டுகளில் விலகினார். 1852-ல் வந்த சார்லஸ் கால்வர்ட் லீச் இரண்டே ஆண்டில் கடலில் மூழ்கி இறந்தார். 1861-ல் வந்த ஜான் லோவ்தான் ஆஸ்பத்திரியை நிலைநிறுத்தியவர். வரும் கூட்டத்தைத் தனியொருவராகப் பார்க்க முடியாது என்று கண்ட அவர், 1860-களின் நடுவில் உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு ஒன்று தொடங்கினார். படித்துத் தேறியவர்களைச் சுற்று வட்டாரக் கிளை மருந்தகங்களில் வைத்தார்.

கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் எளிய குடும்பங்களுக்கு இது பெரிய வாசல். மேலாடை உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த சாதிகளின் பிள்ளைகள், அடுத்த பத்தாண்டுக்குள் கத்தியும் மருந்துக் குப்பியும் பிடித்து நோயாளி முன் அமர்ந்தார்கள். அந்த வாசலுக்கு உயரக் குறைவும் இருந்தது. கையில் கிடைத்தது மிஷன் சான்றிதழ், பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. பணிப்பெயர் உதவியாளர் அல்லது மருத்துவ ஊழியர். 1860-களின் இறுதியில் லோவ் போன பிறகு, 1873-ல் டி. எஸ். தாம்சன் வரும்வரை ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் இந்த உள்ளூர் ஆட்களே. அடுத்த ஐரோப்பிய மருத்துவர் வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். மேலே ஏற ஏணியே இல்லாத உத்தியோகம் அது. கல்லறைக் கற்களிலும் ஆண்டறிக்கைகளிலும் லோவ், தாம்சன், ஃப்ரை, ஃபெல்ஸ் என்ற பெயர்கள் நிற்கின்றன; உள்ளூர் உதவியாளர்களில் பலரின் பெயர் வெளியே எவருக்கும் தெரியாது.

மிஷன் பணம் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சபை சபையாகத் திரட்டிய காசு. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்: இத்தனை நோயாளி, இத்தனை அறுவை, இன்னின்ன நோய். ஆசானுக்குத் தேவைப்படாத இந்தப் பதிவேட்டுப் பழக்கம் நெய்யூரில் கட்டாயமாயிற்று. அதிலிருந்தே ஆய்வு பிறந்தது. வாயில் புண் வந்து, கன்னம் துளைத்து வரும் நோயாளிகள் அளவுக்கு மீறி இருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டபிள்யூ. சி. பென்டால் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து எழுதினார். அதே ஆண்டு அதே இதழில் ஆர்தர் ஃபெல்ஸ் 209 வாய்ப்புற்று அறுவைகளை ஆராய்ந்தார். 1933-ல் ஐ. எம். ஆர் (Orr) என்ற மருத்துவர் லான்செட் இதழில் வெற்றிலை போடுபவரின் வாய்ப்புற்றைக் காரணம், உடல்மாற்றம், சிகிச்சை என்று விரித்து எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை ஒதுக்கி வைக்கும் கன்னத்தில்தான் புண் எழுகிறது என்ற செய்தி மூவரையும் இணைக்கிறது. புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் தீர்ப்புச் சொன்னது. புகையிலை இல்லாத தாம்பூலத்தையும் பாக்கையும் அடுத்த இருபது ஆண்டுக்குள் அதே பட்டியலில் சேர்த்தது. அந்தத் தீர்ப்புகளுக்கு முன்னோடியான பதிவுகளில் நெய்யூரின் பதிவுகளும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடக்கும் வரை திருவிதாங்கூரில் புகையிலை அரசின் ஏகபோகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புகையிலையை விற்றுக் கஜானா நிறைந்தது. ஏகபோகம் போன பிறகும் சுங்கமாக வருமானம் வந்தது. வாய்ப்புற்றின் மூலப்பொருளில் காசு பார்த்தது அரசு. அந்த வாய்ப்புற்றை எண்ணிப் பார்க்கக் காசு கொடுத்தது எடின்பரோவிலும் லண்டனிலும் உண்டியல் குலுக்கியவர்கள்.

நெய்யூரின் ஆய்வு உச்சம் தொட்டது ஹோவர்ட் சாமர்வெல் காலத்தில். 1922 எவரெஸ்ட் பயணத்தில் பங்கேற்ற இந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர், மலையிறங்கிய பிறகு தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். நெய்யூரில் பெருங்கூட்டம் காத்திருக்க, அறுவை செய்யப் பியூ என்ற ஒரே மருத்துவர் திண்டாடுவதைக் கண்டார். லண்டனில் காத்திருந்த வளமான எதிர்காலத்தை விட்டுவிட்டு 1923-ல் நெய்யூரில் பணியேற்றார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் ஏறி, ஏறத்தாழ 8,500 மீட்டர் தொட்டுத் திரும்பினார். அந்தக் கணக்கில் பார்த்தால் நெய்யூர்ப் பக்கத்து வேளிமலை அவருக்கு ஒரு மேடு.

அவர் மேசைக்கு வந்த நோய்களில் முதலிடம் சிறுகுடல் புண்ணுக்கு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, வாந்தி, கடைசியில் குடல்வாய் அடைத்து எலும்பும் தோலுமாய் வரும் ஆட்கள். இந்தியாவின் பிற பகுதிகளைவிடத் தென் திருவிதாங்கூரில் இது பல மடங்கு மிகுதி என்று சாமர்வெல் கண்டார். 1936-ல், வாய்ப்புற்றைப் பற்றி எழுதிய அதே ஐ. எம். ஆரோடு சேர்ந்து பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார். 1948-ல் இரைப்பை, சிறுகுடல் அறுவை பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஏன் இங்கே மட்டும் என்ற கேள்விக்கு அவர் கை காட்டிய இடம் சாப்பாட்டுத் தட்டு: மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு.

மரச்சீனி இங்கே பரவியதற்கு அரண்மனை ஒரு காரணம். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பயிரிட ஊக்கினார். அரிசிக்கு வழியில்லாத வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீனும் மிளகாயும் மூன்று வேளைச் சாப்பாடாயின. பஞ்சத்தைத் தாண்ட வைத்த பயிர்தான். புரதம் மட்டும் அதில் மிகக் குறைவு.

இந்தக் கேள்வியை நெய்யூரிலிருந்து குன்னூருக்குக் கொண்டுபோனது ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மக்காரிசனின் ஆய்வகம். 1911-ல் தொடங்கிய இந்திய ஆய்வு நிதிக் கழகம்தான் அதற்கு முதன்மைப் புரவலர். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து விசாரணை அது. 1923-ல் இஞ்ச்கேப் சிக்கனக் குழு அரசுச் செலவை வெட்டியபோது அதையும் நிறுத்திவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்தே மறுபடி உயிர் வந்தது. ஓர் ஆய்வகத்தை மூட ஒரு கோப்பில் ஒரு கையெழுத்துப் போதும். திரும்பத் திறக்க, சிதறிய ஆட்களையும் எலிக் கூட்டத்தையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரச்சீனிச் சாப்பாட்டைத் தின்ற எலிகளில் கால் பங்குக்கு மேல் இரைப்பைப் புண் கண்டது. சென்னை உணவில் ஏறத்தாழ 11 விழுக்காடு. கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட வடமேற்கு உணவில் ஒன்றுகூட இல்லை. 1939-ல் நெய்யூரின் ஐ. எம். ஆரும் குன்னூரின் எம். வி. ராதாகிருஷ்ண ராவும் தென் திருவிதாங்கூரின் வயிற்றுப்புண்ணையும் உணவையும் பற்றி இந்திய மருத்துவ ஆய்வு இதழில் எழுதினார்கள். நெய்யூர்க் கேள்வி ஒன்றுக்கான கட்டுரையில் ஓர் இந்தியர் பெயர் ஏறியது அப்படித்தான்; அவரும் சம்பளம் வாங்கியது ஆய்வகத்தில், ஆஸ்பத்திரியில் அல்ல.

மூப்பியல் என்ற பெயரே புழங்காத அந்நாளில் குன்னூர் எலிகள் மூப்பையும் தொட்டன. நல்ல உணவு கொடுத்து வளர்த்த எலிகளை மக்காரிசன் இரண்டேகால் ஆண்டு கவனித்தார். அது மனிதனின் முதல் ஐம்பது வயதுக்குச் சமம் என்பது அவர் கணக்கு. அத்தனை நாளிலும் அந்தக் கூட்டத்தில் நோயால் மரணம் இல்லை என்றும், எதிர்பாராத விபத்துகள்தான் சிலவற்றைக் கொன்றன என்றும் 1936-ல் லண்டன் உரைகளில் சொன்னார். கூண்டு சுத்தமாக இருந்தது, வெயிலும் காற்றும் இருந்தன என்பதையும் அவரே சொல்கிறார். இருந்தாலும் முதுமையின் நலம் இளமையின் தட்டில் தீர்மானமாகிறது என்ற கருத்துக்கு இந்தியாவில் கிடைத்த தொடக்ககால அளவீடு இது.

பிற்காலம் மரச்சீனிக் கொள்கையை ஓரளவு திருத்தியது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபேக்டர் பைலோரை கிருமியைக் கண்டார்கள். 2005-ல் நோபல் பரிசும் வந்தது. சிறுகுடல் புண்ணுக்கு அறுவை அரிதாகி, இரண்டு வார மாத்திரையாகச் சுருங்கியது. ஆனால் அந்தக் கிருமி இந்தியா முழுவதும் பரவலாக இருக்க, புண் மட்டும் அரிசியும் கிழங்கும் தின்னும் பகுதிகளில் ஏன் கூடுதல் என்ற கேள்வியை மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி பின்னும் விடாமல் கேட்டார். சாமர்வெல் முழுக்கத் தவறவில்லை. விடையின் பாதியை வைத்துக்கொண்டு முழு விடை என்று நினைத்தார்.

சாமர்வெல் 1940-களின் இறுதியில் நெய்யூரை விட்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் அறுவை மருத்துவம் கற்பித்தார். நெய்யூரில் கிடைக்காத பட்டப்படிப்பு வேலூரில் இருந்தது. எளிய குடும்பத்துப் பிள்ளை உதவியாளராக நிற்காமல் முழு மருத்துவராக, பிறகு ஆய்வாளராக உயர வேண்டுமானால் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி வேண்டும். திருவிதாங்கூருக்கு அது வந்தது 1951-ல், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி உருவில்.

அதற்கு முன்பே அமெரிக்கப் பணமும் இங்கே வந்துபோயிற்று. 1928-ஐ ஒட்டி ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் டாக்டர் ஜாக்காக்ஸ் திருவிதாங்கூருக்கு வந்து கொக்கிப்புழு, யானைக்கால் ஆய்வுகளுக்கு உதவினார். பொது சுகாதாரத் துறை தனியாக உருவாயிற்று; நெய்யாற்றின்கரையில் மாதிரிச் சுகாதார நிலையம் அமைந்தது. ராக்ஃபெல்லர் முறையில் முக்கியமானது ஆளுக்கு முதலீடு. தேர்ந்தெடுத்த மருத்துவரைச் செலவு கொடுத்து வெளிநாட்டில் பயிற்றி, திரும்பிவந்தால் அவருக்கு ஒரு பதவி காத்திருக்கும்படி அரசிடம் முன்பே பேசிக்கொள்ளும் முறை அது. லோவ் கொடுத்த வகுப்பில் இல்லாத ஏணி இதில் இருந்தது. ஏணியைச் சாத்திய சுவர் மட்டும் சமஸ்தானத்துடையது.

1949-ல் இந்திய ஆய்வு நிதிக் கழகம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாகப் பெயர் மாறியது. 1956-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன. எல்லை மாறியதில் மருத்துவத்துக்கு ஒரு இழப்பும் நேர்ந்தது: ஐம்பது கிலோமீட்டரில் இருந்த திருவனந்தபுரத்து நிறுவனங்கள் வேறு மாநிலத்தின் சொத்தாயின. அரச குடும்பம் கொடுத்த கட்டடத்தில் 1976-ல் தொடங்கி, 1980-ல் தேசிய முக்கியத்துவ நிறுவனமான ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இதய வால்வு வரை செய்தது. கன்னியாகுமரி மாவட்ட நோயாளிகள் இன்றும் அங்கே போகிறார்கள். சொந்த மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வர 2001 ஆயிற்று. அது ஆசாரிப்பள்ளத்தில் அமைந்தது. ஆசான் மரபுக்கு அருகே, முஞ்சிறையில், அகிலத் திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கருநந்தடக்கன் நிலம் மாற்றி வாங்கியது அந்த முஞ்சிறை சபையாரிடம்தான். சித்த மருத்துவ ஆய்வுக்கென்று தனி மத்தியக் கழகம் 2010-ல் பிரிந்து உருவானது.

மரபு அறிவுக்குப் பங்கு கொடுப்பது பற்றி இந்தியா முழுதும் பேசவைத்த வழக்கும் இந்த மலையடிவாரத்தைச் சேர்ந்ததே. பேச்சிப்பாறை முதல் கோட்டூர் வரை அகத்தியமலைச் சரிவில் வாழ்பவர்கள் காணிக்காரர்கள். 1987-ல் ஒரு மக்கள்-தாவர ஆய்வுக் குழு மலையேறியபோது, உடன் வந்த காணிகள் ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகே அந்தச் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கி, 1995-ல் கோவை ஆர்ய வைத்தியக் கூடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் கொடுத்தது. வருவதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-ல் 5 லட்சத்துக்குச் சற்று மேலான தொகை அதன் கணக்கில் ஏறியது. உலக அரங்கில் இது முன்மாதிரி என்று பாராட்டப்பட்டது. அறக்கட்டளை கேரளக் காணிகளுக்கானது. அதே காட்டின் தமிழ்நாட்டுப் பக்கத்துக் காணிகள் அந்தக் கணக்கில் இல்லை. களைப்பைப் போக்கும் கற்பத்துக்கு அரசியல் எல்லை தெரியாது, காசோலைக்குத் தெரியும்.

மூப்பு தனித்துறையானது மிகப் பிந்தி. அமெரிக்காவில் தேசிய முதுமையியல் நிலையம் 1974-ல் உருவானது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-ல் முதியோருக்கு வெளிநோயாளிப் பிரிவு தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ மேற்படிப்பு 1996-ல் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல்தான் திறந்தது. நாடு தழுவிய முதுமை ஆய்வின் முதல் சுற்று 2017-18-ல் நடந்து, 45 வயது கடந்த 72,000 பேருக்கு மேல் பார்த்தது. அதற்கு இந்திய சுகாதார அமைச்சகத்தோடு அமெரிக்க முதுமையியல் நிலையமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் பணம் போட்டன. இளம் ஆய்வாளருக்கு இன்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உயிரித் தொழில்நுட்பத் துறை, 2008-ல் வெல்கம் அறக்கட்டளையோடு சேர்ந்து வந்த இந்தியக் கூட்டமைப்பு என்று பல கதவுகள் உண்டு. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது முடிந்த பிறகு நிலையான பணி எங்கே என்பதற்கு, நெய்யூர் உதவியாளரிடம் இருந்ததைவிடத் தெளிவான பதில் இன்றைய ஆய்வு மாணவர் பலரிடமும் இல்லை.

நெய்யூர் மருத்துவர்கள் எழுதிய கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் லண்டன் மிஷன் சங்க ஆவணங்களோடு லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. லோவின் முதல் வகுப்பில் படித்தவர்களின் பெயர்களைத் தேடித் திருவட்டாற்று மாணவர் ஒருவர் அங்கே போக விரும்பினால், அதற்கும் முதலில் ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.